கறுப்புக் குரங்கும் கையில் காமிராவும்

கோவையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "கோடை லீவுக்கு வால்பாறை போகிறோம். பையனுக்கு எட்டு வயது, பெண்ணுக்கு நாலு. அங்கே சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வரும் என்கிறார்கள். போன வருஷம் போய்வந்த என் நாத்தனார், தன் குழந்தை அதற்குப் பிஸ்கட் கொடுக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். அது மாதிரி நாங்களும் எடுக்க வேண்டும். கிட்டத்தில் வருவதற்கு எதைக் கொடுத்தால் நல்லது? வாழைப்பழமா, பிஸ்கட்டா? அப்புறம், மலைப் பாதையில் குழந்தைகளுக்கு வாந்தி வராமல் இருக்கவும் ஒரு வழி சொல்லுங்கள்."

வாந்தி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில், இரண்டும் வேண்டாம், எதுவுமே கொடுக்காதீர்கள் என்பதுதான். ஆனால் இப்படி ஒரு வரியில் முடித்தால், "இந்த அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் கட்டுப்பாடுதான்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்றேன், கேளுங்கள்.

கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, அந்த நாட்டுக் குரங்கு வேறு, இது வேறு. உடம்பு கன்னங்கரேல். முகத்தைச் சுற்றி, நரைத்த தாடியை வாரி விட்டது போலப் பிடரி. வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம். சோலைமந்தி என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது. இதே மலையில் நீலகிரிக் கருமந்தி என்று இன்னொரு கறுப்பு ஆசாமியும் இருக்கிறது. அதற்குத் தலைமுடி பழுப்பு, வால் நீளம், குஞ்சம் கிடையாது. நம் பாட்டிமார் காலத்தில் 'கருங்குரங்கு லேகியம்' என்று ஒன்று விற்றார்களே, அதற்காக வேட்டையாடப்பட்டது அந்தக் கருமந்திதான். இளைத்த உடம்பு தேறும் என்று நம்பி வாங்கினார்கள். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்றைக்கும் யாராவது அந்தப் பெயரில் ஏதாவது கொண்டுவந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சோலைமந்தி உலகத்திலேயே கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மட்டும்தான் உண்டு. வளர்ந்த குரங்குகள் 2,500க்கும் குறைவு என்று 2020இல் வெளியான சர்வதேசச் செம்பட்டியல் மதிப்பீடு சொல்கிறது. பெரிய இடத்துக் கல்யாணத்தில் நாலைந்து பந்தி உட்காருமே, அவ்வளவு பேர்தான். மூன்று மாநிலத்துக்கும் சேர்த்து!

அப்படி அபூர்வமான பிராணி ரோட்டோரம் ஏன் வந்து நிற்கிறது? அதுதான் கதையே.

இது மரத்தை விட்டு இறங்காத ஜாதி. ஓங்கி வளர்ந்த மழைக்காட்டில், கிளைக்குக் கிளை தாவிக் காட்டுப் பழமும் கொட்டையும் பூச்சியும் தின்று திரியும். பலா போல முள்காய் காய்க்கிற ஒரு காட்டுமரம் அங்கே உண்டு. அதன் பூவும் விதையும் இதற்கு விருந்து. ஆனால், 1890களில் தொடங்கி வால்பாறைப் பக்கம் காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். காலையில் நாம் ஆற்றிக் குடிக்கிறோமே, அந்த டீதான். 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் இன்று தேயிலைக்கு நடுவே தீவு தீவாகத்தான் பழைய காடு மிச்சம். அதில் ஒரு தீவு புதுத்தோட்டம். பொள்ளாச்சியிலிருந்து மலையேறிப் போனால் வால்பாறை ஊருக்குச் சற்று முன்னாலேயே வரும். அந்தச் சின்னக் காட்டின் ஊடேயே பஸ்ஸும் லாரியும் போகிற ரோடு. இந்தப் பக்கத்துப் பழம் தீர்ந்தால் அந்தப் பக்கம் போக வேண்டும். மரமும் மரமும் கைகோத்து நின்ற காலத்தில் மேலேயே போய்விடும். நடுவில் மரம் இல்லாவிட்டால் என்ன செய்யும்? இறங்கித்தான் ஆக வேண்டும்.

போன தை மாதம் என் மகன், மருமகள், பேத்தியோடு நானும் அங்கே போயிருந்தேன். ரோட்டோரத்தில் காவலுக்கு ஒரு தம்பி நின்றிருந்தார். குரங்குக் கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வதுதான் அவருக்கு வேலை. எங்களைக் கண்டதும், "அம்மா, அந்தப் பையை மட்டும் காருக்குள்ளாற வச்சிட்டு வாங்க. சரசரன்னு சத்தம் கேட்டாலே வந்துரும்" என்றார். அவர் கை காட்டிய இடத்தில் அண்ணாந்து பார்த்தேன். ரோட்டுக்கு மேலே, இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்குமாக ஏணி மாதிரி ஏதோ கட்டியிருந்தது. தீயணைப்பு வண்டியில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்தக் குழாய்தானாம். பழசானதை வாங்கிப் பின்னி, குரங்குக்குப் பாலம் போட்டிருக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் ரொம்ப வருஷமாக வால்பாறையில் இருந்து இந்தக் காடுகளுக்காகப் பாடுபடுகிறார்கள். பாலம் கட்டுவதோடு, காடு அழிந்த இடங்களில் பழையபடி காட்டுமரக் கன்றுகளையும் நடுகிறார்கள். நம் வீட்டில் கிழிந்த பாய்க்கும் ஒரு உபயோகம் கண்டுபிடிப்போமே, அந்தப் புத்தி இது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அரை மணி நின்றோம். ஒரு ஆண் முதலில் வந்து பாலத்தின் முனையில் உட்கார்ந்து, கீழே எங்களை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து கடந்தன. வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தாய். குட்டிக்கு முகம் வெளிறின நிறம். இன்னும் பிடரி முளைக்கவில்லை. "பாட்டி, அதுக்கு இன்னும் தாடி வரலை!" என்று பேத்தி காதோடு சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து ஓரமாக நின்றது. நல்ல குடும்பம்தான், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கண்ணாடியை இறக்கி, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நாலைத் தார் ரோட்டில் போட்டார்கள். பாலத்தில் பாதி தூரம் போன தாய் திரும்பியது. மரத்தோடு சறுக்கி இறங்கி, குட்டியோடு நடுரோட்டுக்கு வந்து குந்தியது. "எடு, எடு, சீக்கிரம் எடு!" என்று காருக்குள்ளே ஒரே குரல். வளைவுக்கு அந்தப் பக்கம் லாரியின் ஹாரன் கேட்டது. அந்தத் தம்பி விசிலை ஊதிக்கொண்டே ஓடி, இரண்டு கையையும் விரித்து லாரிக்கு முன்னால் நின்றுவிட்டார். லாரி நின்றது. தாய் கன்னத்தில் பிஸ்கட்டை அடக்கிக்கொண்டு மரமேறியது. காரும் போய்விட்டது. அவர்களுக்கு நல்ல படம் கிடைத்திருக்கும்.

"எல்லா நேரமும் நான் இருக்க முடியுமாம்மா?" என்றார் அவர். இதே ரோட்டில் அடிபட்டுக் கிடந்ததை எடுத்து ஓரமாகப் போட்டவர்.

உங்கள் நாத்தனார் அனுப்பிய படத்தை நான் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் இல்லை. குழந்தை ஒரு உயிருக்குக் கையில் இருப்பதைக் கொடுக்கிறதைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் மனசு குளிரும். ஆனால், அந்தப் படத்துக்கு உண்டான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பிஸ்கட் தரையில் விழுகிறது. தரைதான் அந்தக் குரங்குக்கு ஆபத்தான இடம். ஒரு தரம் கிடைத்த இடத்துக்கு மறுபடி வரும். தாய் வந்தால் குட்டியும் கற்றுக்கொள்ளும். சிப்ஸ் பாக்கெட்டை உறையோடு கடிக்கும். ரோட்டில் கிடைத்து ருசி கண்டது பிறகு லயத்து வீடுகளின் ஓட்டைப் பிரித்து, அடுப்படியில் இறங்கும். தோட்ட வேலைக்குப் போய் அந்தியில் திரும்பும் பெண்ணுக்குக் குழம்புச் சட்டி கவிழ்ந்து கிடந்தால் எப்படி இருக்கும்? அவள் கல்லெடுத்து எறியாமல் என்ன செய்வாள்? நாம் படம் எடுத்துக்கொண்டு மலையிறங்கி விடுகிறோம். அவர்கள் அங்கேயே இருக்கிறவர்கள்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். காட்டில் சோலைமந்திப் பெண் முதல் குட்டி போட ஆறு ஏழு வயதாகும். கர்ப்பம் ஏறக்குறைய ஆறு மாதம். ஒரு பேறுக்கு ஒரே குட்டி. அடுத்ததற்கு இரண்டரை மூன்று வருஷ இடைவெளி. இருபது வயது வரை நன்றாக இருந்தால்கூட ஐந்தாறு குட்டி போடும். அத்தனையும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. நாட்டுக் குரங்கு அநேகமாக வருஷத்துக்கு ஒன்று பெற்றுவிடும். ஆகையால் ரோட்டில் ஒரு தாய் அடிபட்டால், இரண்டு பிஸ்கட்டுக்குப் போனது ஒரு உயிர் என்று கணக்குப் பார்க்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் பிள்ளைப்பேறு போயிற்று. வயிற்றில் தொங்கிய குட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் படமே எடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். இந்தக் குரங்கைக் காப்பாற்றியதில் படத்துக்கும் பங்கு உண்டு. கேரளத்தில் சைலன்ட் வேலிக் காட்டில் குந்திப்புழைக்குக் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க ஒரு திட்டம் இருந்தது. 1970களின் கடைசியில் அதை எதிர்த்துப் பெரிய இயக்கம் கிளம்பிற்று. கவிஞர் சுகதகுமாரி போன்ற பெண்கள் முன்னால் நின்றார்கள். அந்த இயக்கத்துக்கு அடையாளமாக இருந்தது இதே பிடரி வைத்த கறுப்பு முகம்தான். அதுவரை அப்படி ஒரு குரங்கு இருப்பதே தெரியாதவர்களெல்லாம் அதற்காகப் பேசினார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. மறுவருஷம் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று.

படம் எடுப்பதில் நம்மவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய கடைசிப் பிள்ளை மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்து 1996இல் காலமானவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடிப்பதிலும், அவற்றைப் பற்றி எழுதுவதிலும் ஆயுளைச் செலவழித்தார். 1970இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கடையில் வாங்கிய காமிரா திருப்தியில்லை என்று, ஒன்றின் உடம்பும் மற்றொன்றின் லென்ஸுமாகத் தானே சேர்த்துக் கட்டிக்கொண்டார். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தும் யானை மேல் உட்கார்ந்தும் போய், அதது தன் பாட்டில் இருக்கையில் எடுத்த படங்கள் அவருடையவை. இன்று நம் கையில் இருக்கிற போனில் அவர் காமிராவைவிட ஆயிரம் வசதி. காத்திருப்பதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

சரி, எப்படி எடுப்பது? முதலில் நேரம். காலையில் போங்கள். இந்தக் குரங்கைப் படம் பிடிப்பதில் உள்ள கஷ்டமே அதன் நிறம்தான். உச்சிவெயிலில் வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் கரித்துண்டு மாதிரி விழும். மூட்டமான நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேகத்தின் வெளிச்சம் சமமாகப் பரவி, பிடரியும் முகமும் தெளிவாக வரும். பின்னால் வானம் இல்லாமல் இலை இருக்கிற மாதிரி நீங்கள்தான் நகர்ந்து நிற்க வேண்டும். போனில் குரங்கின் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டால், அந்த இடத்துக்குத் தகுந்தபடி வெளிச்சம் கூடும். பிளாஷ் போடவே போடாதீர்கள். முப்பது அடியாவது தள்ளி நில்லுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகாதீர்கள். குரங்கு சின்னதாகத்தான் விழும், விழட்டுமே! அது உட்கார்ந்திருக்கிற மரம், பாலம், பின்னால் தேயிலைச் சரிவு எல்லாம் சேர்ந்து வந்தால், அது எங்கே எப்படி வாழ்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வசதி. முகம் மட்டும் பெரிதாக விழுந்த படத்தில் அதெல்லாம் எங்கே தெரிகிறது?

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். குரங்கு பல்லைக் காட்டினால் சிரிப்பு இல்லை. பயம், அல்லது "வராதே" என்கிற எச்சரிக்கை. ஆண் குரங்கு கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பிளந்தால் தூக்கம் என்று நினைக்க வேண்டாம். கோரைப்பல் எவ்வளவு நீளம் பார் என்று காட்டுகிறது. கண்ணோடு கண் முறைத்துப் பார்ப்பதும் அதற்குச் சண்டைக்குக் கூப்பிடுவது போலத்தான். நாலு வயதுக் குழந்தையின் உயரமும், அதன் கையில் உள்ள பிஸ்கட்டின் உயரமும் குரங்குக்கு ரொம்ப சௌகரியம். பிடுங்குகையில் நகம் பட்டுவிடும். எந்தக் குரங்கு கடித்தாலும் பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் முழுசாகக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

படம் எடுப்பது போலவே படம் அனுப்புவதிலும் கவனம் வேண்டும். உருண்டைக் கண்ணோடு ஒரு குட்டிப் பிராணி, கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ரசிக்கிற மாதிரி ஒரு வீடியோ சுற்றிச் சுற்றி வருமே, பார்த்திருக்கிறீர்களா? என் மருமகள்கூட எனக்கு அனுப்பினாள். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருக்கிற தேவாங்கு இனம் அது. அது ரசிக்கவில்லை, சகோதரிகளே! அதன் மேற்கையில் ஒரு சுரப்பி இருக்கிறது. அந்த நீரை எச்சிலோடு சேர்த்தால் விஷம். ஆபத்து என்று பட்டால் கையைத் தூக்கி அந்த விஷத்துக்குத் தயாராகிறது. கடித்துவிடக் கூடாது என்று விற்கிறவர்கள் பல்லை வெட்டிவிடுகிறார்கள். சீழ்ப் பிடித்துச் சாகிறவை ஏராளம். நாம் "ஐயோ, செல்லமே" என்று அனுப்ப அனுப்ப, வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெருகுகிறார்கள்.

நம் ஊர்த் தேவாங்கு வேறு வகை. மெலிந்த கை கால், விஷக் கதையெல்லாம் கிடையாது. ஆனால் இதையும் ஜோசியத்துக்கும் மாந்திரீகத்துக்கும் பிடித்து வதைத்தார்கள். 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கத்துக் காடுகளை இதற்கென்றே சரணாலயமாக அறிவித்திருக்கிறது தமிழ்நாடு அரசு. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம் அது. ராத்திரியில் நடமாடுகிற பிராணி. அந்தப் பெரிய கண்ணில் டார்ச்சும் பிளாஷும் அடித்தால் எப்படி இருக்கும்! உங்கள் தோப்பில் எப்போதாவது கண்ணில் பட்டால், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். எந்தத் தோப்பு, எந்த மரம் என்று ஊர் பேரோடு படத்தை வெளியில் போடாதீர்கள். பிடிக்கிறவர்களும் போன் வைத்திருக்கிறார்கள்.

இனி வாந்தி. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு. புறப்படுவதற்கு ஒன்றரை மணி முன்னாலேயே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூரி, பால் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது. குழந்தைகள் முன்பக்கம், தூரத்து மலையைப் பார்க்கிற மாதிரி உட்காரட்டும். வளைவில் போகும்போது போனில் கார்ட்டூன் பார்த்தால் வாந்தி நிச்சயம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்; நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கி நடந்தால் தெளிந்துவிடும். பெரியவனுக்கு இஞ்சி மிட்டாய் ஒன்று சப்பக் கொடுக்கலாம். சின்னவளுக்கு மாத்திரை கொடுப்பதென்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

மத்தியானச் சாப்பாட்டை மூடியிட்ட தூக்கில் எடுத்துப் போய், ஊருக்குள் போய்ச் சாப்பிடுங்கள். புதுத்தோட்டத்து ரோட்டோரத்தில் பிரிக்க வேண்டாம். தோலையும் காகிதத்தையும் ஒரு பையில் கட்டி, காரிலேயே கீழே கொண்டுவந்துவிடுங்கள். படம் கிடைத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். பாலத்தில் எத்தனை கடந்தன என்று பையனை எண்ணச் சொல்லி, அதையும் எழுதுங்கள். என் பேத்தி எண்ணியது பதினொன்று.